ஈஸ்ட் தொற்று வந்தால் எங்கள் கலங்கள் என்ன செய்கின்றன?

பச்சைப்பிள்ளையின் நாக்கில் திட்டுத்திட்டாக வெள்ளை படர்ந்தால் அக்கரம் என்கிறோம். சலரோகம் உள்ள பெரியவருக்கு அதே வெள்ளை வந்தால் "உடம்பில எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு போச்சு" என்கிறோம். பெண்களுக்கு அரிப்போடு வெள்ளைபட்டாலும் அதே பதில்தான். பாணிலும் அப்பத்திலும் ஈஸ்ட் இருக்கிறது, அதை நிறுத்தினால் எல்லாம் மாறும் என்ற புத்திமதியும் கூடவே வரும்.

இந்த மூன்று வருத்தங்களுக்கும் பெரும்பாலும் காரணம் ஒரே பங்கசுதான். ஆனால் உடம்பு அதை வாயில் தடுக்கிற விதம் வேறு, குருதியில் தடுக்கிற விதம் வேறு. பெண்ணுறுப்பில் நடப்பதோ இரண்டுக்கும் நேர்மாறு. எதிர்ப்புச் சக்தி என்பது கூடிக் குறைகிற ஒரே சாமான் என்று நினைத்தால் இது எதுவும் விளங்காது. யாருக்கு எந்த இடத்தில் ஏன் வருகிறது என்பதும் பிடிபடாது.

எந்த ஈஸ்ட்?

பாணையும் அப்ப மாவையும் பொங்கவைப்பது சக்கரோமைசிஸ் என்ற மதுவம். வாயிலும் பெண்ணுறுப்பிலும் வருத்தம் தருவது பெரும்பாலும் கண்டிடா அல்பிகன்ஸ் என்ற வேறு இனம். ஒரு கலத்தாலான, மொட்டுவிட்டுப் பெருகும் பங்கசுக்களை எல்லாம் மதுவம் அல்லது ஈஸ்ட் என்கிறோம். அந்தப் பொதுப்பெயரைத் தவிர இந்த வருத்தத்தில் இரண்டுக்கும் இடையே ஒரு தொடர்பும் இல்லை. பாண் ஈஸ்ட் போறணைச் சூட்டிலேயே செத்துவிடும். பாணை நிறுத்துவதால் நாக்கு வெளுக்காது, சிவக்காது.

கண்டிடா வெளியிலிருந்து புதிதாக வந்து தொற்றவேண்டியதும் இல்லை. சுகமாக இருக்கிற எத்தனையோ பேரின் வாயிலும் குடலிலும் அது ஏற்கெனவே குடியிருக்கிறது. ஆகவே "எங்கே இருந்து தொற்றினது?" என்று தேடுவதில் பயன் குறைவு. இவ்வளவு காலமும் பேசாமல் இருந்தது இப்போது ஏன் கிளம்பியது என்பதே சரியான கேள்வி.

அதற்கு இரண்டு உருவம் உண்டு. ஒன்று, 4 முதல் 6 மைக்ரோமீற்றர் அளவான முட்டை வடிவ மதுவக் கலம். மற்றது நீண்டு வளரும் இழை. இதைப் பூசணவிழை என்பார்கள். உடற்சூடு, சீரம் (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதி), அமிலம் குறைந்த சூழல் இவை கிடைத்தால் முதலாவது இரண்டாவதாக மாறும்.

இந்த மாற்றத்தைச் சாதாரண நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்திலேயே கண்ணால் பார்க்கலாம். கண்டிடா அல்பிகன்ஸை இனங்காணச் செய்கிற இதற்கு முளைக்குழாய்ச் சோதனை என்று பெயர். அரை மில்லிலீற்றர் சீரத்தை ஒரு சிறு குழாயில் எடுத்து, வளர்ப்புத் தட்டில் கூட்டமாக வளர்ந்திருக்கிற மதுவக் கொலனியைக் குச்சி நுனியால் மெல்லத் தொட்டு அதில் கலக்கவேண்டும். 37 பாகையில் 2 முதல் 3 மணித்தியாலம் வைத்து, ஒரு துளியைக் கண்ணாடி வழுக்கியில் இட்டு, 40 மடங்கு வில்லையால் பார்க்கவேண்டும். முட்டை வடிவக் கலத்தின் ஒரு பக்கத்தில் மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அது புறப்படுகிற அடியில் இடுக்கு இருக்காது, நேர்ச்சுவராகப் போகும். இடுக்கு இருந்தால் அது போலி இழை. சோதனை பிழைக்கிற இடங்கள் இரண்டு. கொலனியை அளவுக்கு மிஞ்சி அள்ளிப் போட்டால் கலங்கள் நெருக்கத்தில் முளைக்காமல் விடும். 3 மணித்தியாலத்துக்கு மேல் மறந்து விட்டால் கண்டிடா ட்ரொப்பிக்கலிஸ் போன்ற வேறு இனங்களும் போலி இழை விட்டு ஆளை ஏமாற்றும். கண்டிடா டப்ளினியென்சிஸ் என்ற நெருங்கிய உறவினம் மட்டும் உண்மையிலேயே முளைக்குழாய் விடும்.

சோதனைக் குழாயில் நடக்கிற இதே மாற்றந்தான் எங்கள் வாயிலும் நடக்கிறது. மேற்கொண்டு சொல்லப்போவதெல்லாம் இதை ஒட்டியே.

ஒழுங்கையும் வேலியும்

ஒழுங்கையால் ஆள் போவதற்கெல்லாம் வளவுக்குள் படுத்திருக்கிற நாய் எழும்பிக் குரைப்பதில்லை. ஒரு தடவை காதை நிமிர்த்திப் பார்த்துவிட்டுப் படுத்துவிடும். ஆனால் கிடுகு வேலியைப் பிரிக்கிற சரசரப்புக் கேட்டால் ஊரையே கூட்டும். வாயின் உட்தோலாகிய மேலணியில் உள்ள கலங்களும் அப்படித்தான் நடக்கின்றன. மேலே மதுவக் கலங்கள் ஒட்டிக்கிடந்தால் சிறிய அளவில் கவனிக்கும், பிறகு விட்டுவிடும். இழை வளர்ந்து கலத்தைத் துளைக்கத் தொடங்கினால்தான் முழு எதிர்ப்பு கிளம்பும்.

இந்தப் பொறுமை ஒரு குறைபாடு அல்ல. வாயில் எப்போதும் குடியிருக்கிற ஒரு பங்கசுவுக்கு எதிராக எப்போதும் அழற்சி நடந்துகொண்டிருந்தால் எங்களால் சாப்பிடவே ஏலாது. எப்போது விடுவது, எப்போது எழும்புவது என்று பிரித்தறிவதில்தான் கலத்தின் திறமை இருக்கிறது.

பரம்பரையலகு "பதிலளிப்பது" எப்படி?

ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு எழுதப்பட்ட டி.என்.ஏ. துண்டுதான் பரம்பரையலகு. மனிதனில் புரதம் செய்யும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. நாக்கிலுள்ள கலத்திலும் ஈரலிலுள்ள கலத்திலும் இவை எல்லாமே இருக்கின்றன. ஆனால் எந்தக் கலமும் எல்லாவற்றையும் ஒரேயடியாக வாசிப்பதில்லை. தேவையானதை மட்டும் வாசித்து ஆர்.என்.ஏ. என்ற தற்காலிகப் பிரதி எடுத்து, அதைக்கொண்டு புரதம் செய்யும். இந்த வாசிப்புக்கு வெளிப்பாடு என்று பெயர்.

தொற்று வந்தால் பரம்பரையலகுகள் மாறிவிடுகின்றன என்று சிலர் எழுதுகிறார்கள். அது தவறு. எழுத்து அப்படியே இருக்கும். எவை எவ்வளவு வாசிக்கப்படுகின்றன என்பதுதான் மாறும். சமிக்ஞை கலத்துக்குள் ஓடச் சில நிமிடம், பிரதிகள் கூட ஒன்றிரண்டு மணித்தியாலம், புரதம் சேர இன்னும் சில மணித்தியாலம்.

பங்கசு என்று எப்படித் தெரிகிறது?

கண்டிடாவின் கலச்சுவரில் மேலே மனான் என்ற சீனிப் படை, அதன் கீழே பீற்றா-குளுக்கான், அதற்கும் உள்ளே கைற்றின். இவற்றில் எதையும் மனிதக் கலம் செய்வதில்லை. அதனால் இவற்றைக் கண்டாலே அந்நியம் என்று தெரியும். கண்டுபிடிப்பவை வாங்கிகள், அதாவது கலத்தின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டு நிற்கும் உணர் புரதங்கள். வெண்குருதிக் கலங்களில் இருக்கிற டெக்டின்-1 என்ற வாங்கி பீற்றா-குளுக்கானைப் பிடிக்கும். அது பீற்றா-குளுக்கானின் வாங்கி என்பது 2001 இல் தெரியவந்தது. டெக்டின்-2 மனானைப் பிடிக்கும்.

டெக்டின்-1 பிடித்ததும் கலத்துக்குள்ளே கார்ட்-9 என்ற இணைப்புப் புரதம் செய்தியைக் கடத்தும். கடைசியில் என்.எஃப்-கப்பா-பி என்ற புரதம் கருவுக்குள் போய், அழற்சிக்கான பரம்பரையலகுகளை வாசிக்கவைக்கும். இந்தப் பெயர்களில் கார்ட்-9 ஐ மட்டும் நினைவில் வைத்தால் போதும். பிறகு வரும்.

பங்கசுவும் சும்மா இருப்பதில்லை. குளுக்கானை மனான் படையால் மூடிவைக்கிறது. மொட்டு கழன்ற தழும்பில் மட்டும் குளுக்கான் வெளியே தெரியும். கஸ்போபஞ்ஜின் என்ற ஊசி மருந்து குளுக்கான் உற்பத்தியைக் குழப்பும்போது மீதிக் குளுக்கான் கூடுதலாக வெளியே தெரியவருகிறது. ஆக, அந்த மருந்து பங்கசுவைத் தாக்குவதோடு எங்கள் கலங்களுக்கு அதைக் காட்டியும் கொடுக்கிறது.

இந்த இயலின் ஒரு பெரிய திருப்பம் பங்கசுவால்தான் வந்தது என்பதை இங்கே சொல்லவேண்டும். 1996 இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜூல்ஸ் ஹொஃப்மனின் ஆய்வுகூடத்தில், டோல் என்ற பரம்பரையலகு பழுதான பழ ஈக்கள் பங்கசுத் தொற்றில் செத்துப்போவது தெரியவந்தது. செத்த ஈயின் உடம்பில் பங்கசு இழைகள் மயிர்போல முளைத்து நின்றன. அதுவரை டோல் முட்டைக்குள் உடல் உருவாவதற்கான பரம்பரையலகு என்றுதான் அறியப்பட்டிருந்தது. மனிதனிலும் டோல் வகை வாங்கிகள் இருப்பது அடுத்தடுத்துத் தெரிந்தது. 2011 இல் ஹொஃப்மனுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இழை வந்ததை மேலணி எப்படி அறிகிறது?

2016 இல் இதற்கு விடை கிடைத்தது. கண்டிடா இழையாக மாறும்போது கன்டிடாலைசின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. வெறும் 31 அமினோ அமிலம் கொண்ட சிறு துண்டு அது. மேலணிக் கலத்தின் மென்சவ்வில் துளையிடும்; துளையால் கல்சியம் உள்ளே பாயும். அந்தச் சேதத்தைக் கலம் உணர்ந்து, பரம்பரையலகுகளை வாசிக்கவைக்கிற சி-ஃபொஸ் என்ற ஆளிப் (சுவிட்ச்) புரதத்தைக் கிளப்புகிறது. மதுவ உருவம் மட்டும் கிடந்தால் இந்த ஆளி கிளம்புவதில்லை.

இந்த நஞ்சைச் செய்யும் பரம்பரையலகு நீக்கப்பட்ட கண்டிடாவும் இழை விடுகிறது. ஆனால் கலத்தைச் சேதப்படுத்த மாட்டாது, எதிர்ப்பையும் பெரிதாகக் கிளப்பாது. அதாவது கலம் இழையின் வடிவத்தைப் பார்த்து எழும்பவில்லை. தனக்கு நடக்கிற சேதத்தைப் பார்த்து எழும்புகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கண்டிடா எங்களோடு வாழ்கிறது. மதுவமாக இருக்கும்வரை பொறுத்துக்கொள்கிறோம். இழையாகிச் சேதம் செய்யும்போது மேலணியில் பரம்பரையலகு வெளிப்பாடு மாறுகிறது. வெண்குருதிக் கலங்கள் கலச்சுவரைக் கண்டு தாங்களும் அழற்சியைத் தொடங்குகின்றன.

உதவிக்கு வருகிற கலங்கள்

விழித்த கலம் சைற்றோகைன்களைச் சுரக்கும். கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் புரதங்கள் இவை. அவற்றில் சில, நியூட்ரோபில் எனும் வெண்குருதிக் கலங்களைக் குருதியிலிருந்து அந்த இடத்துக்கு அழைக்கும். உயர்தர உயிரியல் படித்தவர்கள் இதை நடுநிலைநாடி என்று அறிவார்கள்.

நியூட்ரோபில் மதுவத்தை அப்படியே விழுங்கி, உள்ளே வைத்து ஒட்சிசனின் தாக்குதிறன் மிக்க வடிவங்களால் கொல்லும். இழை நீளமானால் விழுங்க முடியாது. அப்போது தன் டி.என்.ஏ.யையே வலையாக வெளியே விரித்து இழையை அதில் சிக்கவைக்கும். அந்த வலையிலுள்ள கல்புரொடெக்டின் என்ற புரதம் நாகம் (சிங்க்), மங்கனீசு ஆகிய உலோகங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பங்கசு வளர அவை கிடைக்காது. இன்னொரு விழுங்கு கலமான மக்ரோபேஜ் மதுவத்தை விழுங்கினாலும் சிலவேளை தோற்றுவிடும். உள்ளே போன மதுவம் அங்கேயே இழை விட்டு அதைத் துளைத்து வெளியே வரும்.

மற்றொரு பக்கம், வெண்குருதிக் கலங்களில் இன்னோர் இனமான ரி கலங்களில் ஒரு வகை, ஐ.எல்-17 என்ற சைற்றோகைனைச் சுரக்கிறது. அது மேலணிக் கலத்துக்குத் திரும்பிப் போய், டிஃபென்சின் போன்ற கிருமிகொல்லிப் புரதங்களின் பரம்பரையலகுகளை வாசிக்கவைக்கிறது. வாயைக் காப்பாற்றுவதில் இதுதான் நடுநாயகம்.

வாய்க்கு ஒன்று, குருதிக்கு ஒன்று

இனி முதலில் சொன்ன விடயத்துக்கு வரலாம். பரம்பரையாக ஒரு புரதம் பழுதாகப் பிறந்தவர்களைப் பார்த்தால் எது எதைக் காக்கிறது என்பது துலக்கமாகத் தெரியும்.

ஐ.எல்-17 இன் வாங்கி பழுதானவர்களையும், ஐ.எல்-17 வகைச் சைற்றோகைன் ஒன்று பழுதானவர்களையும் பற்றி 2011 இல் தெரியவந்தது. அவர்களுக்கு வாய், தோல், நகம் எல்லாவற்றிலும் சிறுவயதிலிருந்தே கண்டிடா மாறாமல் இருக்கும். ஆனால் குருதிக்குள் பரவுவது அரிது. எச்.ஐ.வி. தொற்றிலும் அதே கதை. ரி கலங்கள் குறைந்து, அவற்றில் ஒரு வகையான சி.டி.4 கலங்களின் எண்ணிக்கை ஒரு மைக்ரோலீற்றரில் 200க்குக் கீழே போகும்போது வாயில் வெள்ளை படர்வது வழமை. குருதியில் கண்டிடா பரவுவது வழமையல்ல. சொரியாசிஸ் என்ற தோல் வருத்தத்துக்கு ஐ.எல்-17 ஐத் தடுக்கிற ஊசி போடுகிறவர்களுக்கும் வாயில் கண்டிடா கொஞ்சம் கூடுதலாக வருகிறது. மூன்றும் ஐ.எல்-17 வழியைத்தான் சுட்டுகின்றன.

குருதி அப்படியல்ல. அங்கே நியூட்ரோபில்தான் எல்லாம். யாழ்ப்பாணம் தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்களுக்கு நியூட்ரோபில் எண்ணிக்கையை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு மைக்ரோலீற்றரில் 500க்குக் கீழே இறங்கினால் பற்றீரியாவோடு குடலிலுள்ள கண்டிடாவும் குருதிக்குள் இறங்கலாம் என்பது ஒரு காரணம். கூடவே நாளக்குழாய், வயிற்றுச் சத்திரசிகிச்சை, பலவகை அன்ரிபயோட்டிக் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். கார்ட்-9 பழுதானவர்களுக்கு நிலைமை தனி. 2009 இல் முதலில் விவரிக்கப்பட்ட அந்தக் குறைபாட்டில் நியூட்ரோபில்கள் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் கண்டிடா மூளையையே தாக்குகிறது.

பெண்ணுறுப்பில் மறுதலை

பெண்களில் ஏறத்தாழ 4 பேரில் 3 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது பெண்ணுறுப்பில் இந்தத் தொற்று வருகிறது. அவ்வளவு பேருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு என்று சொன்னால் அதில் அர்த்தமில்லை. திரும்பத் திரும்ப வருகிறவர்களில் பெரும்பாலானோரின் நிர்ப்பீடன (நோயெதிர்ப்பு) தொகுதி சாதாரணமாகவே இருக்கிறது.

சுயவிருப்பில் முன்வந்த பெண்களின் பெண்ணுறுப்பில் உயிருள்ள கண்டிடாவை இட்டு அவதானித்த ஆய்வொன்று 2004 இல் வெளியானது. அரிப்பும் எரிவும் வந்தவர்களில் நியூட்ரோபில்கள் கூட்டமாக வந்து சேர்ந்திருந்தன. ஆனாலும் கண்டிடா குறையவில்லை. வருத்தம் வராதவர்களில் அழற்சியே இல்லை. அதாவது அங்கே அவதி தருவது பதில் குறைந்ததால் அல்ல, பயனில்லாத பதில் மிஞ்சியதால். "சத்தான சாப்பாடு சாப்பிடுங்கோ, எதிர்ப்புச் சக்தி கூடும்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்வது அவளுக்கு எந்த உதவியும் செய்யாது. மறைமுகமாக அவள்மேல் பழியும் போடுகிறது. அதை நிறுத்தவேண்டும்.

ஆய்வில் இதை எப்படி அளக்கிறார்கள்?

தட்டில் வளர்த்த மேலணிக் கலங்களோடு கண்டிடாவைக் கலந்து, 1, 3, 6, 24 மணித்தியாலம் என்று இடைவெளி விட்டு ஆர்.என்.ஏ. எடுத்து வாசிப்பார்கள். மனிதனின் 20,000 பரம்பரையலகுகளோடு கண்டிடாவின் ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகளையும் ஒரே குழாயிலிருந்து சேர்த்தே வாசிக்கலாம். பிழைக்கிற இடங்கள்: பங்கசுவைக் கூடப் போட்டால் 24 மணித்தியாலத்தில் கலங்கள் செத்து, தொற்றின் பதிலுக்குப் பதிலாகச் சாவின் அடையாளமே கிடைக்கும். கலச்சுவரைக் கண்ணாடி மணிகளால் குலுக்கி உடைக்காவிட்டால் பங்கசுவின் ஆர்.என்.ஏ. வெளியே வராது. கையுறை போடாவிட்டால் கைத்தோலிலுள்ள நொதியமே ஆர்.என்.ஏ.யை அழித்துவிடும். இப்படிப்பட்ட ஆய்வில் "பரம்பரையலகு 10 மடங்கு கூடியது" என்று படித்தால், எந்தக் கலத்தில், எத்தனையாவது மணித்தியாலத்தில் என்று முதலில் பார்க்கவேண்டும்.

நாளாந்தம் இது எங்கே உதவும்?

முட்டு வருத்தத்துக்கு ஸ்டெரொயிட் இன்ஹேலர் இழுக்கிறவர்கள் இழுத்து முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். தொண்டையில் படிகிற ஸ்டெரொயிட், அழற்சியைத் தொடக்குவதாக மேலே சொன்ன என்.எஃப்-கப்பா-பி வழியையே அடக்குகிறது. வாயில் வெள்ளை வருவது அதனால்தான். அதற்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்துவது ஆபத்து. ஸ்பேசர் என்ற இடைக்குழாயைப் பாவித்தால் தொண்டையில் படிவது குறையும்.

சலரோகத்தில் சீனி கூடும்போது நியூட்ரோபில்லின் வேலைத்திறன் குறைகிறது. உமிழ்நீரிலும் சீனி கூடுகிறது. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகைக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுபவை. குருதிச் சீனி நன்றாக இருந்தாலும் அவற்றால் பிறப்புறுப்பில் ஈஸ்ட் தொற்று வரலாம். வந்தால் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லவேண்டும். அன்ரிபயோட்டிக் குடித்தபின் வருவதற்கு வேறு காரணம்: பற்றீரியா செத்துவிடும், பங்கசுவுக்கு அந்த மருந்து படாது, இடம் காலியாகும்.

நாக்கில் வெள்ளை கண்டால் ஈரமான சுத்தத் துணியால் மெல்லத் துடைத்துப் பாருங்கள். பால் என்றால் இலேசாகப் போய்விடும். கண்டிடா கொஞ்சம் சிரமப்பட்டு வரும். கீழே சிவந்திருக்கும், சிலவேளை இரத்தம் கசியும். துடைத்தும் வராத வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வேறு வருத்தம். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு அப்படித் திட்டு இருந்தால் புற்றுநோய்க்கு முந்திய நிலையாக இருக்கலாம். பங்கசு மருந்து பூசிப் பூசிக் காலத்தைக் கடத்தாமல் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நிஸ்டாட்டின் என்ற பங்கசுச் சொட்டு மருந்து குடலில் உறிஞ்சப்படுவதில்லை. பட்ட இடத்தில்தான் வேலை செய்யும். ஆகவே பிள்ளைக்குப் பால் கொடுத்தபின் நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் படும்படி விடவேண்டும். பாலுக்கு முன் விட்டால் பாலோடு கழுவுப்பட்டுப் போகும். தாயின் முலைக்காம்பிலும் எரிவு இருந்தால் இருவருக்கும் சேர்த்து மருந்து தேவை. மருத்துவமாதுவிடம் கேட்கலாம். பொய்ப்பல் போடுகிறவர்கள் இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி வைக்கவேண்டும்.

ஃப்ளூகொனசோல் என்ற பங்கசுக் குளிசையைப் பார்மசியில் தாமாகவே வாங்கிப் போடுவது நல்லதல்ல. இரத்தம் உறைவதைத் தடுக்கிற வார்ஃபரின் குடிப்பவருக்கு இரத்தக் கசிவு வரலாம். கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசையோடு சேர்ந்தால் சீனி சடுதியாக இறங்கலாம். கர்ப்பிணிகளுக்குக் குளிசைக்குப் பதிலாக உள்ளே வைக்கும் க்ளொட்ரிமசோல்தான் வழமை. ஒரு வருடத்தில் 3 தடவை அல்லது அதற்கு மேல் வெள்ளைபட்டு அரித்தால், ஊகித்து மருந்து போடாமல் மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்கவேண்டும். ஃப்ளூகொனசோலுக்கு இலகுவில் அடங்காத கண்டிடா கிளப்ராட்டா இனமாக இருக்கலாம், பங்கசுவே இல்லாமலும் இருக்கலாம். காரணம் தெரியாமல் பெரியவர் ஒருவருக்கு வாயில் வெள்ளை வந்தால் குருதிச் சீனியும் எச்.ஐ.வி.யும் பார்க்கவேண்டும். சிறுவயதிலிருந்தே வாயிலும் நகத்திலும் மாறாமல் இருந்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அப்படி இருந்தால் பரம்பரைக் காரணத்தைத் தேடவேண்டும்.

வாட்டில் நாளக்குழாயோடு படுத்திருப்பவருக்கு அன்ரிபயோட்டிக் போட்டும் காய்ச்சல் இறங்காவிட்டால் குருதி வளர்ப்பு அனுப்பவேண்டும். அதில் கண்டிடா வந்தால், தோலிலிருந்து தற்செயலாகக் கலந்தது என்று ஒதுக்க இடமே இல்லை. அன்றைக்கே மருந்து தொடங்கி, இயலுமானால் குழாயை எடுத்து, கண்ணையும் பரிசோதித்து, வளர்ப்பில் பங்கசு இல்லை என்று வந்த நாளிலிருந்து 14 நாட்களாவது மருந்தைத் தொடரவேண்டும்.